ஸ்னோவில் ஸ்கீ போக வான்: முதல் காசு ஃபோர் வீலுக்கா, ரயருக்கும் ஹீற்றருக்குமா?

உவர்மலைக்காரன்
தம்பி ஜப்பானில, ஹொக்கைடோத் தீவின்ர சப்போரோவில வேலை. வாற குளிருக்கு சனி ஞாயிறுகளில ஃபுரானோ, நிசெகோ பக்கம் ஸ்கீ போய், வானுக்குள்ளயே படுத்தெழும்பி வர ஒரு பழைய வான் தேடுறான். ரெண்டு பெரிய ஆக்கள், ஏழு வயசுப் பிள்ளை ஒண்டு. மூண்டைப் பார்த்து வைச்சிருக்கிறான்:

ஒண்டு, 2014 டொயோட்டா ஹயஸ் டீசல், டூ வீல் (பின் சில்லு ரெண்டு மட்டும் இழுக்கிறது), கட்டில் அலுமாரி எல்லாம் அடிச்சு முடிச்சது.
மற்றது, அதே வருச ஹயஸ் டீசல், ஃபோர் வீல், உள்ளுக்கு வெறுங்கூடு.
மூண்டாவது, மிற்சுபிசி டெலிக்கா டி-5 டீசல், ஃபோர் வீல்.

எனக்கு ஹயஸ் தெரியும், ஸ்னோ தெரியாது. வானை வாங்கினாப் பிறகு கையில மிஞ்சிற காசு பெரிசா இல்லை. எதில முதல் போடச் சொல்ல? ரெண்டு மூண்டு வருசத்தால அதை இஞ்ச இலங்கைக்கு அனுப்பலாமோ எண்டும் கேக்கிறான்.

நிலாவெளி கராச்
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: அனுப்பேலாது. 2020 மார்ச்சில நிண்ட வாகன இறக்குமதி 2025இல திறந்தது உண்மைதான். ஆனா வயசு எல்லை இருக்குது, 2014 வான் அதுக்குள்ள வராது. அந்த எண்ணத்தை விட்டிட்டு அங்கத்தைய பாவிப்புக்கு மட்டும் பார்க்கச் சொல்லுங்கோ.

ஃபோர் வீல் வானை இழுத்துக்கொண்டு போகும். நிப்பாட்டாது. பிரேக் பிடிக்கேக்க டூ வீலுக்கும் ஃபோர் வீலுக்கும் வித்தியாசம் ஒண்டுமில்லை, ரோட்டைப் பிடிக்கிறது ரயர் மட்டும்தான். வளைவிலயும் அதே கதை. ஃபோர் வீலில ஏத்தம் லேசா ஏறுறதால ரோட்டில பிடி இருக்குதெண்டு நம்பி வேகத்தைக் கூட்டுறது, பிறகு இறக்கத்தில நிக்காமப் போறது, அதுதான் வழமையா நடக்கிற விபத்து.

ஹயஸில இன்னொரு விசயம். இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ, இழுவை பின் சில்லில. வெறும் வானெண்டால் பின்பக்கத்தில பாரமே இல்லை. நிலாவெளி மணலில புதையிற ஹயஸும் இதே காரணத்தாலதான் புதையுது. கட்டில், பற்றரி, தண்ணி எல்லாத்தையும் பின் அச்சுக்கு மேல வர வைச்சால் டூ வீலும் கணிசமாத் திருந்தும்.

சேசிஸ் இலக்கத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கோ. மெல்லிய உடம்பு, 3.0 லீற்றர் டீசல் வானில கேடிஎச் 201 எண்டால் டூ வீல், 206 எண்டால் ஃபோர் வீல். ஹயஸின்ர ஃபோர் வீல் முழுநேரம் வேலை செய்யிறது, நடுவில விஸ்கஸ் கப்ளிங், முன் அச்சையும் பின் அச்சையும் தடிச்ச திரவத்தால இணைக்கிறது. சுவிச்சும் இல்லை, லோ கியரும் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் ரயர் தேய்வில பெரிய வித்தியாசம் வந்தால் அந்தக் கப்ளிங் சும்மா சூடேறிப் பழுதாகும். அதால நாலு ரயரும் ஒரே வகை, ஒரே தேய்வு.

திருமலை–திரோண்ட்ஹைம்
கராச் அண்ணை சொன்னதுக்கு மேல ரயரைப் பற்றி.

ஏழு பாகைக்குக் கீழ போனாலே சாதாரண ரயரின்ர றப்பர் இறுகத் தொடங்கும். ஸ்னோ இருக்கவேணும் எண்டில்லை, காய்ஞ்ச ரோட்டிலயே பிடி குறையும். குளிர் ரயரின்ர றப்பர் மைனஸிலயும் மெத்தெண்டிருக்கும். ரோட்டில படுற அதின்ர றப்பர்க் கட்டை ஒவ்வொண்டிலயும் சவர பிளேட் தடிப்பில மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஐஸுக்கு மேல நிக்கிற தண்ணிப் படலத்தை அந்த வெட்டுகள்தான் விலத்தி விடுறது.

பக்கச் சுவரில மூண்டு கொடுமுடி உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் அச்சிட்டிருக்கவேணும். வெறும் எம்-எஸ் எழுத்தை நம்பவேண்டாம், அது சேறு, ஸ்னோவுக்கெண்ட பூ (ரயரில ரோட்டைத் தொடுற வெட்டு) மாதிரிக்கான அடையாளம், சோதிச்சுக் குடுத்ததில்லை. ஜேர்மனியில 2024 ஒக்டோபரோட வெறும் எம்-எஸ் செல்லாது எண்டாச்சு.

பழைய வானோட ரயர் செற் சேர்த்துக் குடுத்தால் மூண்டைப் பார்க்கவேணும்:

முதல் உற்பத்தித் திகதி. கடைசி நாலு இலக்கம் 4521 எண்டால் 2021ஆம் ஆண்டு 45ஆவது கிழமை. பூ நிறைய இருந்தாலும் கனகாலம் வைச்ச ரயர் இறுகிப்போயிருக்கும். கட்டையில பெருவிரல் நகத்தை அழுத்தினால் நகம் கொஞ்சமாவது பதியவேணும்.

அடுத்தது பூவின்ர ஆழம். நோர்வேயில 3.5 தொன்னுக்குக் கீழ குளிர்காலத்தில சட்டப்படி 3 மில்லிமீற்றர் இருந்தாக் காணும். ஆனா 4க்குக் கீழ ஈரச் ஸ்னோவில வான் மிதக்கத் தொடங்கிடும்.

மூண்டாவது பாரச் சுட்டி. ஹயஸுக்கு வாறது 195/80 ஆர் 15, 107/105. 107 எண்டால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். கார் ரயரைக் குறைஞ்ச விலைக்கு மாட்டிவிடுவினம், அளவு பொருந்தும், பாரம் தாங்காது. கட்டிலும் தண்ணியும் ஏத்தின வானில பக்கச் சுவர் வெடிக்கும்.

காத்தையும் மறக்கக்கூடாது. அஞ்சரைப் பாகை குறைய ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். சூடான கராச்சுக்குள்ள அடிச்ச காத்து வெளியில மைனஸ் 15இல ஆறேழு பிஎஸ்ஐ குறைவாக் காட்டும். வெளியில நிப்பாட்டி, குளிர்ந்த ரயரில அளக்கச் சொல்லுங்கோ.

ஸ்காபரோ திருமலை
ரயர் முதல் எண்டதில எனக்கும் மறுப்பில்லை. இஞ்ச கனடாவில, கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர் ரயர் இல்லாமல் ஓடவே ஏலாது. ஆனா நீங்கள் எல்லாரும் பெரிய ரோட்டைப் பற்றிக் கதைக்கிறியள். ஸ்கீ போறவைக்குப் பிரச்சினை பெரிய ரோட்டில இல்லை, தரிப்பிடத்தில. இரவு 30, 40 சென்ரிமீற்றர் கொட்டும். அதுக்கு மேல ஸ்னோ தள்ளுற மெசின் வந்து வானுக்கு முன்னால ஒரு வரம்பு கட்டிட்டுப் போகும். அது இறுகினாப் பிறகு பின்னிழுவை வான் அசையாது. பிள்ளையோட போறவைக்கு ஃபோர் வீல் தேவை எண்டுதான் சொல்லுவன்.

ஐரோப்பாவில நிறையப் பேர் ஓடுற முன்னிழுவை வானுகள், ஃபியற் டுக்காட்டோ மாதிரி, சமதரையில நல்லாப் போகும், இஞ்சின் பாரம் இழுக்கிற சில்லுக்கு மேல இருக்கிறபடியால். பின்னுக்குச் சாமான் ஏத்தி ஏத்தத்தில போனால் பாரம் பின்னுக்குச் சாயும், முன் சில்லு சுழலும். எந்த டூ வீலுக்கும் ஒரு மட்டு இருக்குது.

நிலாவெளி கராச்
அந்த வரம்புக் கதை சரி, ஒத்துக்கொள்ளுறன். டூ வீல் எடுத்தால் வானுக்குள்ள இதுகள் இருக்கவேணும்: அலுமினிய மண்வெட்டி, சில்லுக்குக் கீழ வைக்கிற பல்லுப் பலகை ரெண்டு, ரயரைச் சுத்திப் பூட்டுற ஒரு சோடி ஸ்னோ செயின். ஹயஸில சில வானுக்குப் பின் அச்சில எல்எஸ்டி இருக்கும். ஒரு சில்லு சுழல மற்றது சும்மா நிக்கிற பிரச்சினையை அது பாதி தீர்க்கும். விளம்பரத்தில இருந்தால் அந்த வானுக்கு மேலதிகமாக் குடுக்கலாம்.

செயின் பூட்டுறது இழுவை சில்லுக்கு, ஹயஸில பின்னுக்கு. வீட்டில காய்ஞ்ச நிலத்தில கையுறையோட பூட்டிப் பழகவேணும். சில்லுக்குப் பின்னால உள்கொக்கியை மாட்டி, முன்பக்கக் கொளுவியை இழுத்து, றப்பர் இழுவையைப் போட்டு, 100, 200 மீற்றர் ஓடி நிப்பாட்டித் திரும்ப இறுக்கவேணும். அந்த ரெண்டாவது இறுக்கத்தை விடுறவைக்குத்தான் செயின் கழண்டு பிரேக் பைப்பில அடிக்கிறது. வேகம் 30, 40க்கு மேல வேண்டாம். ஸ்னோ இல்லாத தாரில ஓடினால் செயினும் போகும், ரயரும் போகும்.

சப்போரோ யாட்
இஞ்சத்தைய நிலைமையைச் சொல்லுறன்.

நோர்வேயில ஆணி வைச்ச ரயர் ஓடலாம், ஜப்பானில தொண்ணூறுகளின்ர தொடக்கத்திலயே சாதாரண வாகனத்துக்கு அதை நிப்பாட்டிப் போட்டினம். ஸ்டட்லெஸ் எண்டு சொல்லுற ஆணியில்லாக் குளிர் ரயர்தான். அதில பூவுக்கு நடுவில ஒரு மேடு இருக்கும், 50 வீதம் தேய்ஞ்சால் அது மட்டத்துக்கு வரும். வந்திட்டால் கோடை ரயராக் கழிக்கலாம், குளிருக்கு முடிஞ்சுது. ஹொக்கைடோவில விற்கிற வானுக்குக் கூடுதலா ஒரு ஸ்டட்லெஸ் செற் சேர்ந்தே வரும். தோக்கியோ, ஒசாக்கா வானுக்கு வராது. விலையை ஒப்பிடேக்க அதையும் சேர்த்துப் பார்க்கவேணும்.

தெற்கு வான் மலிவு, அடியும் துருப்பிடிக்காது. ஆனா குளிர்ப்பிரதேசத் தயாரிப்பு எண்ட விபரம் அதில இருக்காது. ஹயஸ் டீசலில அந்த வகைக்கு பற்றரி ரெண்டு, பின் ஹீற்றர், பெரிய ஓல்ரனேற்றர் (இஞ்சின் ஓடேக்க பற்றரியைச் சாஜ் பண்ணுறது) எல்லாம் வரும். மைனஸ் 20இல ஒற்றைப் பழைய பற்றரி டீசல் இஞ்சினைச் சுத்தாது.

தாங்கியில இருக்கிற டீசலும் முக்கியம். ஜப்பான் தரப்படி 2ஆம் இலக்க டீசல் மைனஸ் 5 பாகை வரைக்கும், 3ஆம் இலக்கம் மைனஸ் 12, விசேட 3ஆம் இலக்கம் மைனஸ் 19 வரைக்கும் ஃபில்டருக்குள்ளால போகும். அதுக்குக் கீழ மெழுகு பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும். இஞ்சின் பிடிக்கும், ரெண்டு மூண்டு நிமிசத்தில நிக்கும், திரும்பப் பிடிக்காது. ஹொக்கைடோ நிரப்பு நிலையங்களில காலத்துக்கேற்ற டீசல் தானா வரும். தெற்கில நிரப்பிக் கப்பலில கொண்டு வந்த வானுக்குத்தான் ஆபத்து. அந்தத் தாங்கியைக் கால்வாசிக்கு இறக்கிப்போட்டு இஞ்ச நிரப்பவேணும்.

நிப்பாட்டேக்க: கியரைப் பி-யில விட்டு, சில்லுக்குக் கட்டை வைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடவேணும். ஈரக் கேபிள் இரவில உறைஞ்சால் காலமை சில்லு சுத்தாது. வைப்பரைத் தூக்கி வைக்கவேணும். கண்ணாடித் தண்ணி மைனஸ் 30க்கு உரியதா இருக்கவேணும். ரோட்டோரத்தில கம்பத்தில சிவப்பு வெள்ளை அம்புக்குறி கீழ்நோக்கித் தொங்கும், அதுதான் ரோட்டின்ர விளிம்பு. ஸ்னோ வீசி முன்னால ஒண்டும் தெரியாட்டில் அம்பைப் பார்த்து மெல்ல ஓடி, அடுத்த தரிப்பிடத்துக்குள்ள இறங்கிடவேணும்.

இரவு தங்க ஆர்வி பார்க் எண்ட காசு கட்டுற இடங்கள் நல்லது, கூடுதலானதில கரண்ட் இருக்கும். மிச்சி-நோ-எக்கி எண்ட ரோட்டோர நிலையங்கள் களைப்பாறத்தான், மேசை கதிரை போட்டுச் சமைச்சுத் தங்க அல்ல.

எது முதல் எண்ட வாக்குவாதத்துக்கு என்ர பதில்: வாங்கினாப் பிறகு போடேலாதது எது எண்டு பாருங்கோ. ரயர் மாத்தலாம், ஹீற்றர் போடலாம், கட்டில் அடிக்கலாம். டூ வீல் ஹயஸை ஃபோர் வீலாக்கேலாது. ஹொக்கைடோவிலயே இருக்கிற ஆளுக்கு ரெண்டாவது வான்தான் சரி. டெலிக்கா ஸ்னோவில ஹயஸை விட நல்லா ஓடும், அடி உயரமும் நல்லது. ஆனா மூண்டு பேர் ஈர உடுப்போடயும் ஸ்கீயோடயும் படுக்க இடம் காணாது.

திருமலை–திரோண்ட்ஹைம்
வெறுங்கூட்டை எடுக்கச் சொல்லுறீங்கள் எண்டால் இதையும் சேர்த்துச் சொல்லவேணும்: இஞ்சின் ஓடாமலே சூடாக்கிற டீசல் ஹீற்றர் போடும்வரைக்கும் வானுக்குள்ள பிள்ளையைப் படுக்க வைக்கக்கூடாது. முதல் மாதங்கள் காலமை போய் பின்னேரம் திரும்பட்டும். இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிப் படுக்கிறது கூடவே கூடாது.

ஏனெண்டால் இரவு கொட்டுற ஸ்னோ சைலன்சர் வாயை மூடும். புகை அடியால பரவி, தரை ஓட்டைகளால, கதவுக் கீழ் றப்பரால உள்ளுக்கு வரும். புகையில இருக்கிற நச்சுக் காத்தான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, படுத்திருக்கிற ஆள் எழும்பாது. டீசல் ஹீற்றரின்ர புகைக்குழாயும் இதே அடியிலதான் வாறது. அதைப் பின்பக்கமாக் கீழ்நோக்கித் திருப்பி, காத்து எடுக்கிற குழாயில இருந்து விலத்தி வைக்கவேணும். படுக்க முதலும் நடுச்சாமத்திலயும் அந்தப் பக்கத்து ஸ்னோவை மண்வெட்டியால இழுத்துவிடவேணும். படுக்கை உயரத்தில காபனோரொட்சைட்டு அலாரம் ஒண்டு கட்டாயம், வாகனத்துக்கெண்டு சான்றிதழ் உள்ளது.

3.0 டீசலில இன்னொரு கெடுதல்: மணித்தியாலக் கணக்கா ஐடிலில விட்டால் புகை வடியான டிபிஎஃப் அடைபடும்.

கிண்ணியா வயறிங்
ஹீற்றருக்குக் கரண்ட் கணக்கு நான் சொல்றேன்.

2 கிலோவாற்று டீசல் ஹீற்றர் பத்த வைக்கிற நேரத்தில, தீ மூட்டுற குளோ பின் சிவக்கிற ரெண்டு மூணு நிமிசம், 8 தொடக்கம் 10 அம்பியர் இழுக்கும். பிறகு ஒண்டு, ஒண்டரைக்கு இறங்கிடும். பத்து மணித்தியால இரவுக்கு 10 தொடக்கம் 16 அம்பியர்-மணி. லைட், ஃபோன் சாஜ் சேர்த்து 25 எண்டு வைங்க. அப்ப 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று பற்றரி ஒண்டு மூணு இரவுக்குப் போதும். டீசல் செலவு குறைஞ்ச சூட்டில மணிக்கு 0.1 லீற்றர், முழுச் சூட்டில 0.28. ஹயஸ் தாங்கி 70 லீற்றர், அதனால தாங்கியைக் காலியாக்கிட்டு மலைக்குப் போகாம விட்டால் சரி.

ஹீற்றர் பத்தாம எரர் காட்டினால் பத்துத் தரத்தில எட்டுத் தரம் வயர்தான். மெல்லிய வயர் போட்டால் பத்து அம்பியர் போற நேரம் வோல்ற்று விழும். 10.5க்குக் கீழ போனால் ஹீற்றர் தன்னைத்தானே நிப்பாட்டும். பற்றரி நல்லாத்தான் இருக்கும், பற்றரியை மாத்துவாங்க. 4 சதுர மில்லிமீற்றர் வயரை நேரே பற்றரியில இருந்து எடுங்க, 20 அம்பியர் ஃபியூசைப் பற்றரிப் பக்கம் வைங்க. ஹீற்றர் ஓடுற நேரம் மெயின் சுவிச்சால நிப்பாட்டக் கூடாது. ஓஃப் பண்ணினதும் மூணு நிமிசம் போல ஃபேன் ஓடி உள்ளுக்குக் குளிரணும், வெட்டினால் உள்ள சென்சர் எரிஞ்சு போகும்.

லித்தியத்தைப் பூச்சியப் பாகைக்குக் கீழ சாஜ் பண்ண ஏலாது. உள்ளுக்கு லித்தியம் உலோகமாப் படிஞ்சு செல் செத்திடும். பாவிக்கலாம், சாஜ் தான் ஏலாது. நல்ல பிஎம்எஸ் (பற்றரிக்குள்ள இருக்கிற பாதுகாப்புச் சுற்று) சாஜை வெட்டும், மலிவானது வெட்டாது. பற்றரியை வெளிப் பெட்டியில வைக்காம கட்டிலுக்குக் கீழ, ஹீற்றர் காத்து போற பக்கம் வைங்க. ஓல்ரனேற்றரில இருந்து ஓடுற நேரம் இந்தப் பற்றரியைச் சாஜ் பண்ற 30 அம்பியர் டிசி-டிசி சாஜர் போட்டால் ரெண்டு மணித்தியாலம் ஓடினாலே ரெண்டு இரவுக்கு வந்திடும். சோலார் பனெலுக்கு அந்தக் காலத்தில காசு போடாதீங்க, மேல ஸ்னோ மூடியிருக்கும், வெயிலும் சாய்வு.

பாலையூற்று பலகைப்பட்டறை
வெறுங்கூட்டை எடுக்கிறதெண்டால் உள்வேலையில ஈரம்தான் எதிரி, குளிர் ரெண்டாவது.

ரெண்டு பெரிய ஆக்கள் ஒரு பிள்ளை ஒரு இரவு மூச்சிலயும் வேர்வையிலயும் விடுற தண்ணி அரை லீற்றருக்கு மேல போகும். ஈரக் காலுறை, சப்பாத்து, ஜக்கற் அதுக்கு மேல. அந்த ஈரம் குளிர்ந்த தகரத்தைத் தொட்டால் நீராகும், சோடாப் போத்தல் வேர்க்கிறது போல. பலகைக்குப் பின்னால அது உறைஞ்சு, பகலில உருகி, கீழ்ச் சட்டத்துக்குள்ள இறங்கி அங்க துருவாக்கும்.

ஆனபடியால் தகரத்தில ஒட்டுறது மூடிய கண்ணறை றப்பர் நுரை, 19 மில்லிமீற்றர், இடைவெளியில்லாமல். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், அது ஈரத்தைக் குடிச்சுத் தொங்கிடும். கூரை வளைவுச் சட்டங்களைத்தான் எல்லாரும் விடுறது. வெறும் இரும்பா நிண்டால் காலமை அந்த வரியில மட்டும் வெண்பனி பிடிச்சு, பிறகு கட்டிலுக்கு மேல சொட்டும். சட்டத்துக்கு மேல 6 மில்லிமீற்றர் நுரையாவது ஒட்டவேணும். சட்டத்தின்ர கீழ் வடிகால் ஓட்டைகளை அடைக்கவே கூடாது.

நிலத்துக்கு 20 மில்லிமீற்றர் எக்ஸ்பிஎஸ் எண்ட இறுக்கின நுரைப் பலகை, மேல 12 மில்லிமீற்றர் பிளைவூட். கண்ணாடிகளுக்கு வெட்டி வைக்கிற தட்டி, ஆனா முன் கண்ணாடித் தட்டியைக் காலமை எடுத்து உடன துடைக்கவேணும். கூரை விசிறி ஒரு விரல் அளவு இரவு முழுக்கத் திறந்தபடி. சூடு போகுதே எண்டு அதை மூடுறவைக்குத்தான் காலமை போர்வை ஈரம். ஹீற்றர் சூடாக்கின வறண்ட காத்து ஒரு பக்கத்தால வந்து, ஈரக்காத்து மேலால போகவேணும்.

கட்டில் அளவு: மெல்லிய உடம்பு ஹயஸ் வெளி அகலமே 1695 மில்லிமீற்றர், உள்ளுக்கு ஏறக்குறைய 1520. வளர்ந்த ஆள் குறுக்கால காலை நீட்டிப் படுக்கேலாது, நெடுக்காலதான். பிள்ளைக்கு முன் சீற்றுக்குப் பின்னால குறுக்காலக் கட்டில் போடலாம். கட்டிலுக்குக் கீழ பின்கதவால இழுக்கிற ஒரு தட்டம் வைச்சால் ஸ்கீ அதில நீளத்துக்குப் போகும், உருகிற தண்ணி தட்டத்தில நிண்டு வெளியில போகும். ஈரச் சப்பாத்துக்கு ஹீற்றர் குழாயில ஒரு கிளை எடுத்து விடுங்கோ. அந்த ஒரு கிளைதான் ரெண்டாம் நாள் பிள்ளை அழாமல் ஸ்கீ போக வைக்கிறது.

இஞ்ச திருமலையில ஏசி போட்டு வானில படுக்கிறவைக்கும் இதே வேலைதான், பக்கம் மட்டும் மாறும்: வெளி ஈரம் உள்ளுக்கு வந்து குளிர்ந்த இடத்தில நீராகும். அதே மூடிய நுரை.

உவர்மலைக்காரன்
சமையல்? தம்பி சின்ன காஸ் அடுப்பு வைச்சிருக்கிறான், கையில பிடிக்கிற டின் போடுறது.

திருமலை–திரோண்ட்ஹைம்
டின்னுக்குள்ள பியூட்டேன் மட்டும் எண்டால் மைனஸ் அரைப் பாகைக்குக் கீழ அது ஆவியாகாது, அடுப்பு சாகும். புரோப்பேன் மைனஸ் 42 வரை வேலை செய்யும். குளிருக்கெண்டு புரோப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த டின் விற்கினம், அதை வாங்கட்டும். டின்னைச் சூடாக்க நெருப்புக்குக் கிட்ட வைக்கவே கூடாது. சமைக்கேக்க ஜன்னல் திறந்திருக்கவேணும், அடுப்பைச் சூட்டுக்கெண்டு எரியவிடக்கூடாது. எரியிற காஸ் நிறைய நீராவியையும் விடும்.

தம்பலகாமம்
இடையில ஒரு கேள்வி. இஞ்ச ஏற்கெனவே நாட்டுக்குள்ள இருக்கிற பழைய கேடிஎச் வாங்கேக்க அது ஸ்னோ ரோட்டில ஓடினதோ எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உப்புக் காத்து இஞ்சையும் இருக்குதே.

நிலாவெளி கராச்
ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் அதில எஸ் எண்ட குறி துரு, சி எண்டால் தகரம் அரிச்சது. தாள் இல்லாட்டில் தூக்கியில ஏத்திப் பாருங்கோ. திருமலை உப்புக் காத்து மேலால வரும், கதவு விளிம்பு, கூரைத் தவாளி, கண்ணாடிச் சட்டம் முதலில போகும். ஸ்னோ ரோட்டில கொட்டுற உப்பு கீழால வரும். மேல பளபளப்பா, கீழ பொரிஞ்சிருந்தால் அது ஸ்னோ வான்.

பார்க்கிற இடம்: பின் அச்சுக்கு மேலால போற பிரேக் பைப்பைப் பிடிக்கிற பிளாஸ்ரிக் கிளிப். கிளிப்பை மெல்ல நெம்பி உள்பக்கத்தைப் பாருங்கோ, உப்புத்தண்ணி தங்கிற இடம் அதுதான். பைப் அங்க புள்ளி புள்ளியாக் குழி விழுந்திருந்தால் முழு நீளத்தையும் மாத்தவேணும். பிறகு இலைவில்லுப் பின்கொளுவி, டீசல் தாங்கிப் பட்டி, ஸ்பெயார் ரயர் தொங்குற கேபிள். புதுக் கறுப்பு அண்டர்சீல் அடிச்சிருந்தால் ஸ்குரூ ட்ரைவர் பிடியால தட்டிப் பாருங்கோ. மந்தமாச் சத்தம் கேட்டால் அடியில தகரம் உரிஞ்சிருக்குது.

3.0 இஞ்சினில இன்னும் ஒண்டு, எங்க ஓடின வானெண்டாலும்: இன்ஜெக்டர் செப்பு வொஷர் கசிஞ்சால் கரி ஒயிலுக்குள்ள இறங்கி ஒயில் இழுக்கிற வலையை அடைக்கும். குளிர் ஸ்டார்ட்டில கட கட எண்டால் சம்பை (அடியில ஒயில் நிக்கிற தட்டை) கழட்டி வலையைப் பார்க்காமல் வாங்கவேண்டாம். தம்பிக்கும் இதைச் சொல்லுங்கோ.

உவர்மலைக்காரன்
எல்லாருக்கும் நன்றி. தம்பியோட கதைச்சன். ஃபோர் வீல் கூடுதான் எடுக்கிறான், ஸ்டட்லெஸ் செற்றோட. மிஞ்சிற காசு ஹீற்றருக்கும் நுரைக்கும். ஹீற்றர் பூட்டும்வரைக்கும் பகலில போய் வாறதாச் சொல்லிப்போட்டான். ஹீற்றருக்கு டீசல் இஞ்சின் லைனில இருந்து எடுக்கலாமோ, தாங்கியிலயோ? நான் பெப்ரவரியில போனால் ஓட இஞ்சத்தைய லைசன்ஸ் காணுமோ?

சப்போரோ யாட்
இலங்கை லைசன்ஸ் மட்டும் காணாது. கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோன் குடுக்கிற சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்து வாங்கோ, 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி உள்ளது, ஜப்பான் ஏற்கும். லைசன்ஸையும் பாஸ்போட்டையும் கூடவே வைச்சிருக்கவேணும். இரவு ஸ்னோவில முதல் நாளே ஓடவேண்டாம், வெறும் தரிப்பிடத்தில 20இல போய் முழு பிரேக் அடிச்சு ஏபிஎஸ் எப்படி அதிருது எண்டு பார்த்தாப் பிறகு ரோட்டுக்கு எடுங்கோ.

நிலாவெளி கராச்
தாங்கியில தனிக் குழாய். இஞ்சின் லைனை வெட்டி ரீ (மூண்டு வாய் இணைப்பு) போட்டால் காத்து உள்ளுக்குப் போய் இஞ்சின் காலமை பிடிக்காது. குழாயை அடியைத் தொடாமல், கால்வாசி டீசல் மிஞ்சிற உயரத்தில வெட்டட்டும். ஹீற்றர் எவ்வளவு குடிச்சாலும் வான் வீட்டுக்கு வர டீசல் இருக்கும். பம்பைத் தரைக்குச் சமமாப் படுக்கவிடாமல், வெளியேறுற வாய் மேல்நோக்க 15 பாகைக்கு மேல சரிச்சு, றப்பர் பட்டியில தொங்கவிடட்டும். படுத்த பம்பில காத்துக் குமிழ் நிக்கும், சுவாலை அணையும். மலையில, ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல, காத்து மெலிவு, கரி கூடப் படியும். ஹொக்கைடோ ஸ்கீ இடங்களில அந்த உயரத்தில தரிப்பிடம் வராது. எண்டாலும் ஒவ்வொரு தங்கலிலயும் நிப்பாட்ட முதல் 15, 20 நிமிசம் முழுச் சூட்டில ஓடவிடச் சொல்லுங்கோ, குறைஞ்ச சூட்டில படிஞ்ச கரி எரிஞ்சு போகும்.